பித்தளையின் வீம்பு

துப்பாக்கியை நான் தொட்டதே இல்லை. கல்லூரியில் என்.சி.சி.க்கு ஆள் பிடித்தபோதுகூட முதுகுவலி என்று சொல்லித் தப்பித்தவன். ஆனாலும் கொஞ்ச காலமாக ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மனசுக்குள் ஓடுவது ஒரே விவகாரம்தான்: சுட்டு முடித்த தர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாவின் காலிக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஃபுல் லெங்த் டை வாங்குவதா, நெக் டை வாங்குவதா? என்னிடம் துப்பாக்கியும் இல்லை, கூடும் இல்லை. அதை அழுத்திக் கொடுக்கும் பிரஸ்ஸும் இல்லை. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தோட்டா சமாச்சாரம்?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடைகளில் நீட் கைடுகளுக்கு நடுவே மேலட்டை போன ஒரு லைமன் கையேடு கிடந்தது. லைமன் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நிறுவனம். தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்பவர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கருவியும் கையேடும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் முக்கால்வாசி அட்டவணை. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கு எனக்கு எதற்கு? அதைத் தள்ளிவிட்டு டை பற்றிய பகுதிக்கு வந்தேன். டூல் ரூமில் காலம் தள்ளியவனுக்கு டையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று போதும், சாப்பாடு ஆறிப்போவது தெரியாது.

சுட்டதும் மருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துபோகிறது, பின்புறம் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் செத்துப்போகிறது. மிஞ்சுவது பித்தளைக் கூடு. தோட்டாவின் நான்கு உறுப்புகளில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே அமெரிக்கர்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, டைக்குள் அழுத்தி, அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு என்று வைத்து மறுபடியும் தோட்டாவாக்கிவிடுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம் எதுவும் வேண்டாம். கார் நிற்கும் கொட்டகையிலோ வீட்டின் நிலவறையிலோ ஒரு மேஜை போட்டுக்கொண்டு இதைச் செய்கிறார்கள். காசு மிச்சம் என்பது மனைவிக்குச் சொல்லும் காரணம். மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுத் தீர்த்துவிடுவோம் என்பது அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வேடிக்கை.

என்னைப் பிடித்து இழுத்தது காசுக் கணக்கு அல்ல, அந்தக் கூட்டின் குணம். சுடும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய பித்தளை அதைத் தாங்கமாட்டாமல் விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரில் போய் அப்பிக்கொண்டு, அழுத்தம் இறங்கியதும் துளி சுருங்குகிறது. அந்தத் துளிதான் அதை வெளியே இழுக்க விடுகிறது. மற்றபடி அறையின் அளவு முழுவதும் கூட்டில் பதிந்துவிட்டது. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே ரீமர் கொண்டு குடைந்த இரண்டு துப்பாக்கிகளின் அறைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே சுட்ட கூடு ஒவ்வொன்றும் தான் எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தோம் என்பதைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் டை விவகாரம் கிளம்புகிறது. ஃபுல் லெங்த் டை என்றால் கழுத்து, தோள், உடம்பு எல்லாவற்றையும் நெருக்கிக் கூட்டைப் புதிதுபோல ஆக்கிவிடும். அது அந்த அளவுள்ள எந்தத் துப்பாக்கியிலும் போகும். நெக் டை கழுத்தை மட்டும் நெருக்கும். குண்டைப் பிடிக்கிற அளவுக்குக் கழுத்து இறுகினால் போதும், உடம்பு தன் துப்பாக்கியின் அளவிலேயே இருக்கட்டும் என்பது அதன் கட்சி. லீ நிறுவனத்தின் காலெட் டை இன்னும் ஒரு படி மேலே போய், நடுவில் ஒரு கம்பியை நிறுத்தி, வெளியிலிருந்து விரல்கள் கவ்வுவதுபோல் கழுத்தை அதன்மேல் அழுத்துகிறது. எண்ணெய்கூட வேண்டாம்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடந்த சண்டை சாமானியமானதல்ல. நெக் டைக்காரர்கள், எங்கள் கூடு நீண்ட நாள் உழைக்கும், குறியும் தப்பாது என்றார்கள். எதிர்க்கட்சி, நாலைந்து தடவை சுட்டபிறகு உங்கள் கூடு அறைக்குள் போக மறுக்கும், அப்போது எங்களிடம்தான் வரவேண்டும் என்றது. வந்தார்கள். இன்றைக்குப் போட்டிக்குச் சுடுபவர்களில் பெரும்பாலோர் நடுவழிக்காரர்கள்: டை ஃபுல் லெங்த்தான், ஆனால் தோள் இரண்டு தவ்வுக்கு மேல் பின்னால் போகாதபடி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமனே சுமார் மூன்று தவ் வரும். அதாவது முடியின் பருமன்கூட இல்லாத ஒரு நகர்த்தல். அதற்கு மேல் தொட்டால் கெடுதல்.

கெடுதல் எப்படி என்பதும் அழகாக இருக்கிறது. டையோடு வரும் சீட்டில், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை டையைத் திருகி இறக்கு, பிறகு கால் சுற்று கூடத் திருகு என்று போட்டிருப்பார்கள். யார் வாங்கினாலும் எந்தத் துப்பாக்கிக்கும் சரியாக வரவேண்டும் என்ற நிறுவனத்தின் ஜாக்கிரதை அது. அதன்படியே செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடலாம். அப்புறம் சுடும்போது கூடு முன்னும் பின்னும் நீளும். மறுபடி நெருக்கு, மறுபடி நீளும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிந்து மெலிந்து ஒரு வளையமாகிவிடும். ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். வளையத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தாள் குத்தும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைத் துளி வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துவந்தால் அந்த இடத்தில் கம்பி ‘டக்’கென்று இறங்கும். இத்தனை மைக்ரோமீட்டர் விற்கிற நாட்டில் உயிரைக் காப்பது ஒரு கிளிப்.

என் ஃபோர்மேனுக்கு இந்த கிளிப் வித்தை பிடித்திருக்கும். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்கூடம். டார்ச்லைட்டின் பித்தளை உடம்பு அங்கேதான் போட்டோம். அந்தக் காலத்து டார்ச்சு உள்ளே பித்தளை, மேலே குரோமியம். வட்டமாக வெட்டிய தகட்டை முதல் டையில் அமுக்கினால் அகலக் கிண்ணம். இரண்டாவது டையில் அதுவே உயர்ந்து குறுகும். மூன்றாவதில் இன்னும் உயரம். தோட்டாக் கூடும் இதே வழியில்தான் பிறக்கிறது. கையேட்டைப் படித்தபோதுதான் நாங்கள் எதற்குச் சொந்தக்காரர்கள் என்று தெரிந்தது. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அந்தக் கலவைக்கு ஆங்கிலத்தில் தோட்டாப் பித்தளை என்றே பெயர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டாவது டையிலிருந்து வந்ததை நேரே மூன்றாவதில் வைத்து அமுக்கினால் நேரம் மிச்சமாகுமே என்று கேட்டேன். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் நெருக்கிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. தகடாக இருந்தபோது கையால் வளைந்த சாமான் அது.

“தம்பி, இது இரும்பு இல்ல. அடிச்சா அடங்காது, வீம்புதான் ஏறும். கொஞ்சம் சூடு காட்டு, சொன்னபடி கேக்கும்.”

“சூடு பண்ணித் தண்ணியில போட்டா கெட்டியாயிடாதாங்க ஐயா?”

“அது இரும்பு புத்தி. இதுக்கு வேற புத்தி.”

உலையிலிருந்து மங்கிய சிவப்பில் எடுத்த கிண்ணத்தை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போட்டார். ‘சொய்ங்’ என்று ஆவி. எடுத்துக் கொடுத்தார். விரலால் நெருக்கினேன், விளிம்பு கோணியது. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும். பித்தளையோ சூட்டிலேயே இளகிவிடுகிறது. தண்ணீரால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பாடத்தைப் பிறகு புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதினேன். ஆனால் ‘வீம்பு’ என்ற சொல்லைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கொட்டகைக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். நாலைந்து தடவை சுட்டு நெருக்கிய கூட்டின் கழுத்துக்கு மட்டும் கேஸ் விளக்கின் நெருப்பைக் காட்டி வீம்பை இறக்குகிறார்கள். அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. அங்கே வீம்பு இருந்தால்தான் அழுத்தத்தைத் தாங்கும்.

ஃபோர்மேன் டையைச் சோதிக்கிற விதம் தனி. காலையில் முதல் வேலையாகக் கைகழுவித் துடைத்துக்கொண்டு, டையின் வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு சுற்று சுற்றிவருவார். நகம் எங்கேயாவது தயங்கினால் டை கழன்றுவிடும். மரக்குச்சியில் துணி சுற்றி, பசை தடவி, லேத்தில் ஓடவிட்டுப் பிடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி நகம். கண்ணுக்குத் தெரியாத கீறல் பித்தளையில் கோடாக விழும் என்பார். சோப்புத் தண்ணீர் குறைந்தால் பிரஸ் போடும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். தொழிற்கூடத்தின் அந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், “டேய், சோப்புத் தண்ணி காஞ்சிருச்சு பாரு” என்று குரல் கொடுப்பார்.

ஒரு வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் வந்த ஆர்டர் ஏதோ காரணத்தால் நின்றுபோனது. இழுத்து முடித்த கிண்ணங்களைப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கோணிப்பையில் கட்டிப் போட்டோம். கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பால்காரர் ஒருவரின் மாட்டுத்தொழுவம். மழை விட்டுத் தை மாதம் கோணியை அவிழ்த்தால் கிண்ணங்களில் விரிசல். யாரும் தட்டவில்லை, போடவில்லை. வாயிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாகப் பிளந்திருந்தது. சிலவற்றைக் கையில் எடுத்ததும் பிளந்தது. முதலாளி தகடு கொடுத்தவர்மேல் பாய்ந்தார். தகடு கொடுத்தவர் எங்கள் டைமேல் பழி போட்டார். ஃபோர்மேன் கொட்டகைக்குள் போய் நின்றார். மூக்கைச் சுளித்தார். “மூத்திர வாடை. பித்தளைக்கு ஆகாது” என்றார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்னதாம். முதலாளி நம்பவில்லை. நான் நம்பினேனா என்றால், பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மிஞ்சிய கிண்ணங்களுக்கு லேசாகச் சூடு காட்டி முன்னறைக்கு மாற்றினார்கள். அவற்றில் ஒன்றும் பிளக்கவில்லை.

பல காலம் கழித்து உலோகவியல் புத்தகம் ஒன்றில் அதே கதையைப் படித்தேன். நடந்தது நம் நாட்டில்தான். ஆட்டம் மட்டும் பெரியது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் படையெடுப்பைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைக்கும். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டுக் கிடக்கும். மழைப் பருவத்தில் வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, கூடவே ஈரம், கூடவே இழுத்து இழுத்துப் பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம். மூன்றும் சேர்ந்தால்தான் விரிசல். இறுக்கத்தைச் சூடு காட்டி எடுத்துவிட்டால் அமோனியாவால் அவ்வளவு எளிதில் பிளக்க முடியாது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்திலும் தோளிலும் ஊதாவும் நீலமுமாக ஒரு கறை தெரியும். அது கடைசியாகக் காட்டிய சூட்டின் தடம். கடையில் விற்கும் தோட்டாவில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள், ராணுவம் துடைப்பதில்லை. ஃபோர்மேனிடம் இதைச் சொல்லலாம் என்றால் அப்போது அவர் இல்லை.

பித்தளை தேய்க்கும் பிராஸோவைத் தோட்டாக் கூட்டின் பக்கம் கொண்டுபோகாதே என்று அமெரிக்கக் கையேடுகள் எச்சரிப்பதும் அதனால்தான். அதில் அமோனியா உண்டு. குத்துவிளக்குக்கு ஒன்றும் ஆகாது. அது வார்ப்பு, உள்ளே இறுக்கம் குறைவு. கூட்டைக் கழுவ அவர்கள் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பொடி எஃகு ஊசிகளோடு உருளையில் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் புளியும் மணலும் வைத்துக் குடத்தைத் தேய்த்ததும் இதே வேலைதான். புளியில் டார்டாரிக் அமிலம். ஊசிக்குப் பதில் மணல்.

ஒரு பயம் போனால் இன்னொரு பயம். எண்ணெய் பூசாமல் கூட்டை ஃபுல் லெங்த் டைக்குள் அமுக்கினால் மாட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பலமாகத் தூக்கினால் கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வெளியே வரும், உடம்பு உள்ளேயே இருக்கும். அப்புறம் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்கவேண்டும். அதற்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். சரி, தாராளமாகப் பூசிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. தோளுக்கும் டைக்கும் நடுவே சிக்கிய எண்ணெய்க்குப் போக வழியில்லை. எண்ணெய் அமுங்காது, பித்தளைதான் அமுங்கும். தோளில் சின்னச் சின்னக் குழிகள் விழும்.

எதைப் பூசுகிறார்கள் தெரியுமா? பலருக்குப் பிடித்தது லானோலின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. ஆல்கஹாலில் கரைத்துக் கூட்டின்மேல் தெளிக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்கு 1857 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் புது என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருக்கிறது என்று வதந்தி கிளம்பியது. தோட்டாவின் காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும் என்பது கவாத்து விதி. பிறகு கையால் கிழிக்கலாம், மெழுகும் எண்ணெயும் நீங்களே பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். காலம் கடந்துவிட்டது. கலகத்துக்குக் காரணம் கொழுப்பு மட்டுமல்ல என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் தோட்டாவில் என்ன பூசியிருக்கிறது என்பதை ஒரு தேசமே கேட்ட காலம் அது. இன்றைக்கு ஓஹியோவில் ஒருவர் விரலால் ஆட்டுக் கொழுப்பைக் கூட்டின் கழுத்தில் தடவிக்கொண்டே ரேடியோ கேட்கிறார்.

வீட்டில் தோட்டா நிரப்புவது அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு பொடி ஓட்டையும் காரணம். 1860-களில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமரைக் கண்டுபிடித்தார்கள். பாக்ஸர் என்ற ஆங்கிலேய கர்னலின் முறையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரு துளை. பெர்டன் என்ற அமெரிக்க கர்னலின் முறையில் ஓரமாக இரண்டு சிறு துளைகள். ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கரின் கண்டுபிடிப்பை ஐரோப்பா எடுத்துக்கொண்டது! அதனால் என்ன என்றால், டையின் நடுவில் ஓர் ஊசி தொங்குகிறது. கூட்டை நெருக்கும்போதே அந்த ஊசி நடுத்துளை வழியாக இறங்கிச் செத்த பிரைமரைத் தள்ளிவிடும். பெர்டன் கூட்டில் நடுவில் துளை கிடையாது, ஊசி முட்டி முறியும். நம் போலீஸ்காரர்கள் தோளில் சுமந்த .303 துப்பாக்கியின் ராணுவத் தோட்டாக்கள் பெரும்பாலும் பெர்டன் வகை.

.303-இன் கதையில் இன்னொரு ருசி. அதில் போட்ட மருந்து கார்டைட். பிசைந்த மாவாக இருப்பதை டை வழியே பிழிந்து குச்சி குச்சியாக எடுப்பார்கள். குச்சிக்கட்டு கூட்டின் குறுகிய கழுத்து வழியே இறங்காது. ஆகவே கழுத்தில்லாத கூட்டில் முதலில் கார்டைட்டை இறக்கிவிட்டு, அப்புறம் டையில் வைத்துக் கழுத்தை நெருக்குவார்கள். உள்ளே மருந்தோடு இருக்கும் கூட்டை பிரஸ்ஸில் வைத்து அமுக்கிய அந்தத் தொழிலாளியை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. நீலகிரி மலை ரயிலில் வெலிங்டன் தாண்டினால் அருவங்காடு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட்டுக்காகவே அங்கே தொழிற்சாலை வைத்தார்கள். சுற்றுலாக்காரர்கள் எதிர்ப்பக்க ஜன்னலில் தேயிலையைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

டை விற்கும் நிறுவனங்களின் பிறப்பும் ஏறக்குறைய கொட்டகைக் கதைதான். 1943-இல் போர் நடந்துகொண்டிருந்தபோது வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர், அப்பாவின் சலவைக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டை செய்தார். சுட்டுப்போட்ட .22 தோட்டாவின் கூட்டை அதில் அமுக்கினால் அது இன்னொரு குண்டின் மேலுறையாகிவிடும். அவர் அதை வைத்துச் சுட விரும்பியது ராக் சக் என்று அவர்கள் அழைக்கும் மலை அணில் இனத்துப் பிராணியை. ஆகவே டைக்கு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று பெயர். அதன் முதலெழுத்துகள்தான் ஆர்சிபிஎஸ். இன்றும் பச்சை நிறத்தில் வருகிறது. லீ சிவப்பு. டில்லன் நீலம். எந்த நிறம் உயர்ந்தது என்று அவர்கள் போடும் சண்டையைப் பார்த்தால் நம் ரசிகர் மன்றங்கள் சாதுக்கள் என்று தோன்றும்.

இத்தனை சண்டைக்கு நடுவிலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. டையின் வெளிமரை முக்கால்வாசிப் பேருக்கும் ஒன்றே: விட்டம் எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்குப் பதினான்கு மரை. பச்சைக்காரர் டையைச் சிவப்புக்காரர் பிரஸ்ஸில் திருகலாம், தாத்தா வாங்கிய டையைப் பேரன் நேற்று வாங்கிய பிரஸ்ஸில் மாட்டலாம். விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு. கைப்பேசி சார்ஜர்களோடு மாரடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதற்காகவே அந்த நாட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கும்பிடு டைக்குத்தான், துப்பாக்கிக்கு அல்ல. அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் படிக்காதவனல்ல நான். தாள் இலக்கில் ஐந்து துளையை ஒன்றாக்கப் பாடுபடும் கொட்டகைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வார்கள். சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பித்தளையை இரண்டு தவ்வுக்கு மேல் தொடாதே என்று இவ்வளவு பக்குவம் தெரிந்த கைகள், எவ்வளவு துப்பாக்கி போதும் என்பதில் ஏன் அந்தக் கணக்கைக் காட்டவில்லை என்பது என் குறை. நம் ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. டை கேள்விக்கு மட்டும் பதில் தயார். ஓஹியோக்காரர் யாராவது என்னைக் கேட்டால், ஃபுல் லெங்த் டையே வாங்கச் சொல்வேன். சீட்டில் போட்டிருக்கும் அந்தக் கால் சுற்றை விட்டுவிட்டு, தன் துப்பாக்கியில் சுட்ட கூட்டை அளந்து பார்த்து, தோள் இரண்டு தவ் இறங்கும் இடத்தில் நிறுத்தி நட்டை இறுக்கட்டும். கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் யோசனையே வேண்டாம். பெரும்பாலும் கழுத்தில்லாத நேர்க்கூடு அது. டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை வாங்கினால் எண்ணெய்த் தொல்லை இல்லை. மைக்ரோமீட்டர் தலை வைத்த விலையுயர்ந்த டையெல்லாம் போட்டிக்குப் போகிறவருக்கு. மற்றவருக்கு விலை குறைந்த லீ போதும். மிச்சப் பணத்தில் நல்ல காலிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.